காய்ந்த துணியில் கட்டிய செடி

எங்கள் வீட்டில் சித்திரை மாதத்திலும் ஈரம் காயாத இடம் ஒன்றே ஒன்றுதான். மேற்குத் தறியின் குழியோரம். இராசிபுரத்து வெயிலில் வாசல் தெளித்துக் கோலத்துக்குப் புள்ளி வைப்பதற்குள் தண்ணீர் காய்ந்துவிடும். ஆனால் பருத்தி நூல் காய்ந்தால் அறுந்துபோகும் என்பதால் தறி ஓடும் அறையை வருஷம் முழுக்க ஈரமாகவே வைத்திருப்போம். மண்தரையில் காலையிலும் மாலையிலும் தண்ணீர் தெளிப்போம். ஊடைநூல் சுற்றிய தார்க்குச்சிகள் எந்நேரமும் ஒரு மண்சட்டித் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கும். ஜன்னல் என்று பெயருக்கு ஒரு சாண் அகலத்தில் ஒன்று இருந்தது. அந்த ஜன்னலுக்குக் கீழே, நெய்கிறவர் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் முழங்கை தொடும் தூரத்தில் அந்தச் செடி இருந்தது.

அதன் இலை உள்ளங்கை இரண்டை விரித்துச் சேர்த்த அளவு இருக்கும். கரும்பச்சை, எண்ணெய் தடவியது போல மினுமினுப்பு. பூ இன்னும் விசித்திரம். அரக்குச் சிவப்பில் ஒரே ஒரு மடல், அதன் நடுவில் திப்பிலி போல ஒரு மஞ்சள் குச்சி. தொட்டால் மெழுகு போல இருக்கும். வாசம் கிடையாது. பூத்தால் ஒன்றரை மாதம், இரண்டு மாதம்கூட வாடாமல் நிற்கும். எங்கள் தெருவுக்கு வருகிறவர்கள் எட்டிப் பார்த்து, மரத்தில் செய்து சாயம் பூசியது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். தலையில் வைக்க முடியாத, சாமிக்குப் போட முடியாத பூவை எதற்கு வளர்க்கிறாள் என்று பெண்கள் கேட்பார்கள்.

வளர்த்தவள் என் ஓரகத்தி, என் கணவரின் அண்ணன் மனைவி. அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவளுடைய அப்பா எங்களைப் போல நெசவுக்காரர்தான். இளவயதிலேயே தறியை விட்டுவிட்டு ஏற்காட்டு மலைக்குப் போய், ஒரு காப்பித் தோட்டத்துத் துரை பங்களாவில் தோட்டவேலை பார்த்தார். அங்கே கண்ணாடி போட்ட அறைக்குள் வளர்ந்த செடி அது. கல்யாணமாகி மலையிறங்கும்போது அக்கா அதில் ஒரு கன்றைத் தொட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு வந்தாளாம். மாட்டுவண்டியில் சீர்ச்சாமான் எல்லாம் பின்னால் கிடக்க, மணப்பெண் ஒரு மண்தொட்டியைக் கட்டிப்பிடித்தபடி இறங்கியதைத் தெருவே சிரித்துப் பேசியது என்று எனக்குச் சொன்னார்கள். முதல் வாரம் வாசலில் வைத்தாள், இலை கருகியது. கொல்லையில் வைத்தாள், அங்கேயும் கருகியது. கடைசியில் தறிக்குழியோரம் கொண்டுவந்து வைத்தாள். அது தழைத்தது.

நான் அந்த வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பதினைந்து வயது. மாமனார் மாமியார் இல்லாத வீடு. அக்காவுக்குப் பிள்ளை இல்லை. இரண்டு தறிகளுக்கும் நடுவில் எங்கள் இரண்டு இராட்டைகளும் எதிரெதிரே இருக்கும். ஆண்கள் நெய்ய, நாங்கள் தார் சுற்றிக்கொண்டே பேசுவோம். என்ன பேசினோம் என்று கேட்டால் ஒன்றும் சொல்லத் தெரியாது. மலையில் காலையில் எழுந்தால் எதிர்வீடு தெரியாது, பனி மூடியிருக்கும் என்பாள். துணி காய நாலு நாள் ஆகும் என்பாள். நான் நம்ப மாட்டேன். "நாலு நாளா? அங்க சூரியன் இல்லீங்களாக்கா?" என்பேன். "இருக்குது சாமி, ஆனா அதுக்கும் குளுரு" என்று சிரிப்பாள். எனக்குத் தலை வாரிப் பின்னுவது அவள்தான். முடியை இழுத்து இழுத்துப் பின்னுவாள், கண்ணில் தண்ணீர் வந்துவிடும், ஆனாலும் வேறு யாரிடமும் நான் தலையைக் கொடுத்ததில்லை.

எல்லாம் பகிர்ந்தவள் அந்தச் செடியை மட்டும் பகிரவில்லை. நான் பக்கத்தில் போனாலே, "தொடாத கண்ணு, தள்ளி நில்லு" என்பாள். அதற்குத் தண்ணீர் ஊற்றுவது, தார்ச்சட்டி ஈரத்தில் துணியை நனைத்து இலை இலையாகத் துடைப்பது எல்லாம் அவளே. துடைக்கும்போது முகத்தை இலையருகே கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் அப்படியே இருப்பாள். எனக்குப் பொறாமையாக இருக்கும். எனக்கு முன்கோபம் வேறு. "வச்சுக்குங்க உங்க செடிய, எனக்கெதுக்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அந்தத் தொட்டிக்குள் மண் இருக்கிறதா, என்ன இருக்கிறது என்றுகூட நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் பின்னால் அவ்வளவு பெரிய மடத்தனம் செய்திருக்க மாட்டேன்.

அண்ணன் தம்பி பிரிந்ததற்குக் காரணம் கேட்டால் இப்போது சிரிப்பு வரும். பாவு ஓட்டுகிற முறைதான் காரணம். பாவுநூலைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, சோற்றுக்கஞ்சி பூசி, வெயில் ஏறுவதற்குள் உலர்த்தி எடுக்கவேண்டும். எங்கள் தெரு நீளத்துக்கு ஒரு நேரத்தில் ஒரு பாவுதான் கட்ட முடியும். ஐப்பசி மழைக்காலம். அன்று முறை என் மூத்தாருடையது, என் கணவரின் அண்ணனுடையது. என் கணவர் அவசரம் என்று விடியும் முன்பே போய்த் தன் பாவைக் கட்டிவிட்டார். இவர் எடுத்த பிறகு அவர் கட்டினார். கஞ்சி பூசி முடித்ததும் மழை அடித்துக்கொண்டு வந்தது. ஒரு மாதத்து நூல் தெருச்சேற்றில் கிடந்தது. அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு பழைய கதைகளையெல்லாம் இழுத்துக்கொண்டு வந்து, மூன்றாம் நாள் மாரியம்மன் கோயில் வாசலில் போய் நின்றது.

மூத்தார் எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்தார். "இன்னைலருந்து என்ற ஊட்டுப் பச்சத்தண்ணி அவன் ஊட்டுக்குப் போவாது. அவன் ஊட்டுத் தண்ணி என்ற ஊட்டுக்குள்ள வராது" என்று சத்தியம் செய்தார். இவரும் வீம்புக்கு முன்னால் போய் இன்னொரு சூடத்தை அணைத்தார்.

தெருப் பெரியவர் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சூடம் அணச்சாச்சு. இனி எழவு உழுந்தாத்தான் இது தீரும்" என்றார். எங்கள் பக்கத்து வழக்கம் அது. தண்ணீர்ப் புழக்கம் விட்ட பங்காளிகள் நல்லது கெட்டது எதற்கும் ஒருவர் வாசலை ஒருவர் மிதிப்பதில்லை. இரண்டு வீட்டில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் மட்டும், பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணீர் எடுக்கப் பங்காளி வந்தாகவேண்டும். அந்தத் தண்ணீரோடு சத்தியமும் போய்விடும்.

வீட்டைப் பிரிக்கத் திருவுளச்சீட்டுப் போட்டார்கள். கிழக்குப் பாதி அவர்களுக்கு, மேற்குப் பாதி எங்களுக்கு. இரண்டு தறிகளுக்கும் நடுவில் மண்சுவர் எழுப்பக் கயிறு பிடித்தபோது, செடி எங்கள் பக்கத்தில் இருந்தது. பெரியவர் அக்காவைப் பார்த்து, "செடி உன்றதுதானம்மா, எடுத்துக்க" என்றார். எல்லோரும் அவளைப் பார்த்தோம். அவள் போய்த் தொட்டியின் விளிம்பைத் தொட்டாள். கிழக்குப் பக்கம் காலை முழுக்க வெயில் விழும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"இங்கயே இருக்கட்டுமுங்க. கெழக்கால வந்தா செத்துப் போயிரும்" என்றாள். என்னைப் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பால் ஒரு இலையை மட்டும் துடைத்துவிட்டுக் கிழக்குப் பக்கம் போனாள். மறுநாள் சுவர் எழும்ப ஆரம்பித்தது.

ஓட்டுக்கூரை ஒன்றே என்பதால் அதன் உத்திரத்தைத் தொடாமல் ஆள் உயரத்தோடு சுவரை நிறுத்திவிட்டார்கள். மேலே இடைவெளி. அந்தப் பக்கம் தறி ஓடுகிற சத்தம், இராட்டைச் சத்தம், அவள் இருமல், அவள் வளையல் எல்லாம் எனக்குக் கேட்கும். என் சத்தமும் அவளுக்குக் கேட்டிருக்கும். பிரிந்தது ஆண்கள்தானே, நாங்கள் பேசிக்கொள்ளலாமே என்று ஒருநாள் இவரிடம் கேட்டேன்.

"ஏனுங்க, சத்தியம் தண்ணிக்குத்தானுங்களே? பேச்சுக்கு என்னுங்க?"

"பேசுனா எச்சி தெறிக்காதா? அது தண்ணியில்லையா?" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஆனால் வேடிக்கையாகச் சொன்னது அந்த வீட்டில் சட்டமாகிவிட்டது. அந்தப் பக்கமும் அதே சட்டம்தான் போலிருக்கிறது. தெருக்கிணற்றில் நான் கிழக்கே நின்று இறைத்தால் அவள் மேற்கே நின்று இறைப்பாள். கயிறு உரசும் சத்தம் மட்டும்தான்.

எனக்குக் கோபம். யார் மேல் என்று தெரியாத கோபம். அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்கலாம் என்று அவள் மேல் கோபம். நானும் பேசவில்லையே என்று என் மேல். அந்தக் கோபத்திலும் செடியை மட்டும் சாகவிடக்கூடாது என்று ஒரு வைராக்கியம் வந்துவிட்டது. அது செத்தால் அவள் திரும்பிப் பார்க்க எங்கள் பக்கத்தில் ஒன்றுமே இருக்காது என்று தோன்றியது. அதனால் நான் அதை நன்றாகக் கவனிக்க முடிவு செய்தேன். என் கவனிப்புதான் அதைக் கொல்லப் பார்த்தது.

பாவுக்குப் பூசி மிஞ்சுகிற கஞ்சியை நாங்கள் வீணாக்குவதில்லை. மாட்டுக்கு வைப்போம், முருங்கைக்கும் வாழைக்கும் ஊற்றுவோம். நூலுக்கே பலம் கொடுக்கிற கஞ்சி செடிக்குக் கொடுக்காதா என்று நினைத்தேன். ஒவ்வொரு பாவுக்கும் மிஞ்சியதில் ஒரு செம்பு கொண்டுவந்து அந்தத் தொட்டியில் ஊற்றினேன். நல்ல கெட்டிக் கஞ்சி. இரண்டு மூன்று பாவுக்குள் எறும்பு வந்தது. பிறகு புளித்த வாடை வந்தது. இலை ஒவ்வொன்றாக மஞ்சளாகி, காம்பு குழைந்து விழுந்தது. தீனி போதவில்லை போலிருக்கிறது என்று நான் இரண்டு செம்பாக ஊற்றினேன்.

அழுகிய இலைகளைத் தெருமுனைக் குப்பைமேட்டில் கொண்டுபோய்ப் போட்டேன். திரும்பி வரும்போது பார்த்தேன். அக்கா குப்பைமேட்டருகே குனிந்து, அந்த இலையில் ஒன்றை எடுத்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் சுவர்மேல் ஒரு பிடி அடுப்புக்கரி, கொஞ்சம் தேங்காய் நார், நாலைந்து செங்கல் ஜல்லி இருந்தன. பங்காளிப் பகையில் கரி வைத்தார்கள், நார் வைத்தார்கள் என்றால் அதற்கு எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான், செய்வினை. அவளா எனக்கு இதைச் செய்வாள் என்று ஒரு மனது சொன்னது. ஏன் செய்ய மாட்டாள், பிள்ளையில்லாதவள், நான் அப்போது மூன்று மாதம் என்று இன்னொரு மனது சொன்னது. அந்த இரண்டாம் மனதை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது. துடைப்பத்தால் தொடாமல் தள்ளி, முறத்தில் எடுத்து, மூன்று முறை துப்பி, குப்பைமேட்டில் கொட்டிவிட்டு வந்தேன். அவள் தன் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள்.

இரண்டாவது நாளும் வைத்தாள். இரண்டாவது நாளும் துப்பிக் கொட்டினேன். அன்று அந்தப் பக்கத்தில் இராட்டை ஓடவே இல்லை.

மூன்றாவது நாள் சுவர்மேல் ஒரு கொட்டாங்கச்சி இருந்தது. அதன் கண்ணைக் குத்தித் துளையாக்கி, அடியில் செங்கல் ஜல்லி, அதன்மேல் கரி, அதன்மேல் நார் என்று அடுக்கி, நடுவில் ஒரு வேப்பங்குச்சியை நட்டு வைத்திருந்தாள். குழந்தைகள் சொப்பு விளையாடுவது போல. வேப்பங்குச்சியில் இரண்டு இலைகூட விட்டிருந்தாள். எல்லாம் காய்ந்தது, ஒரு சொட்டு ஈரமில்லை. அதைக் கையில் எடுத்துக்கொண்டு செடியைப் பார்த்தேன். தொட்டியைக் கவிழ்த்தேன். கஞ்சி புளித்துக் களியாகி வேரையெல்லாம் மூடியிருந்தது. அதற்கு அடியில் பழைய கரியும் நாரும் ஜல்லியும் இருந்தன. மண் என்பதே இல்லை. காற்று போகவேண்டிய வேரை நான் கஞ்சியில் முக்கிக் கொன்றுகொண்டிருந்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம்கூட இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் உட்கார்ந்து அழுதேன். வேரை அலசி, அழுகியதை வெட்டி, அவள் அடுக்கியபடியே அடுக்கி நட்டேன். அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை சுவர்மேல் ஒரு பிடி நாரோ கரியோ இருக்கும். நான் துப்பவில்லை. எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் புது இலை சுருள் விட்டது. அதை அவளுக்கு எப்படிச் சொல்வது? ஒரு வெள்ளிக்கிழமை, ஆண்கள் இருவரும் துணி கொடுக்கக் கடைவீதிக்குப் போயிருந்தபோது, முக்காலியில் ஏறித் தொட்டியைத் தூக்கிச் சுவர்மேல் வைத்தேன். கையை எடுக்கவில்லை. தொட்டியின் அடிப்பாகத்தைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் வைத்தேன், ஈரம் சொட்டி அந்தப் பக்கம் போய்விடக்கூடாதே. பிறகு அந்தப் பக்கம் ஏதோ நகர்த்துகிற சத்தம். பிறகு இலைமேல் துணி உரசுகிற சத்தம். அவள் துடைக்கிறாள். முன்பெல்லாம் ஈரத்துணியால் துடைப்பவள் இப்போது காய்ந்த துணியால் துடைக்கிறாள் என்று சத்தத்திலேயே தெரிந்தது. இலைகளுக்கு நடுவில் அவள் விரல்நுனி தெரிந்தது. நார் கிழித்து வெடித்த விரல். அதைப் பிடித்துக்கொள்ள எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று சொல்லி முடியாது.

அப்புறம் வெள்ளிக்கிழமைதோறும் அதே வேலை. அதற்குள் பிறந்திருந்த என் மகள் தவழ ஆரம்பித்து, ஓடவும் ஆரம்பித்தாள். அவள் அழுதால் அந்தப் பக்கத்து இராட்டை நின்றுவிடும், அடங்கினால் மறுபடி ஓடும். ஒரு தடவை குழந்தைக்குக் காய்ச்சல் வந்து ஐந்து நாள் கிடந்தாள். அந்த ஐந்து நாளும் சுவர்மேல் தினம் ஒரு கைப்பிடி காய்ந்த நொச்சி இருந்தது. பூவும் பூத்தது. முதல் பூ விரிந்த அன்று தொட்டியைச் சுவர்மேல் ஏற்றிவிட்டு, இன்று சொல்லிவிடுவேன், அக்கா என்று ஒரு வார்த்தை கூப்பிட்டுவிடுவேன் என்று வாயைத் திறந்தேன். எச்சில் தெறிக்கும் என்று இவர் சொன்னது ஞாபகம் வந்தது. அடுத்த பூவுக்குச் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன். நாள் இருக்கிறது என்ற நினைப்பு. அந்த நினைப்பைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

யுத்தம் வந்தது. நூல் வருவது குறைந்தது. மாதத்தில் பத்து நாள் தறி ஓடினால் பெரிது என்றாகிவிட்டது. மூத்தார் பம்பாய் மில்லில் வேலை கிடைக்கிறது என்று கிளம்பத் தீர்மானித்தார். இது எனக்குச் சுவர் வழியாகத்தான் தெரிந்தது. அவர்கள் சாமான் கட்டுகிற சத்தம் மூன்று நாள் கேட்டது.

கிளம்புவதற்கு முதல்நாள் நான் செடியைத் தொட்டியிலிருந்து எடுத்தேன். அதன் பக்கத்தில் மூன்று இலையோடு ஒரு கன்று இருந்தது. அதை வேரோடு பிரித்தேன். பிரித்த கன்றை அப்படியே கொடுக்க முடியாது. நாரில் ஈரம் இருந்தது, அது எங்கள் வீட்டுத் தண்ணீர். அதை வாங்கினால் அவள் தன் வீட்டுக்காரரின் சத்தியத்தை உடைத்தவளாகிவிடுவாள். அவள் அதைச் செய்ய மாட்டாள். அதனால் வேரில் ஒட்டிய நாரையெல்லாம் ஒவ்வொன்றாக உருவினேன். வேர் ஒவ்வொன்றையும் துணியால் ஒற்றி ஒற்றித் துடைத்தேன். நிழலில் ஒரு மணி நேரம் விரித்து வைத்தேன். தொட்டுப் பார்த்து, கன்னத்தில் வைத்துப் பார்த்து, ஈரமில்லை என்று தெரிந்த பிறகு, துவைத்துக் காய்ந்த வெள்ளைத் துணியில் சுற்றிச் சுவர்மேல் வைத்தேன். இவர் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

கை நீண்டு வந்து துணிமூட்டையை எடுத்தது. பிறகு அக்காவின் குரல் கேட்டது. அத்தனை வருஷத்துக்குப் பிறகு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவள் எனக்குக் கேட்கட்டும் என்று பேசியது அன்றுதான். மூத்தாரிடம் பேசுவது போல, தேவைக்கு மேல் உரக்கச் சொன்னாள்.

"ஏனுங்க, கஞ்சி மட்டும் ஊத்தாம இருந்தாப் போதுமுங்க. அது எங்கிருந்தாலும் பொழச்சுக்கும்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்தியும் அடங்காமல் சிரித்தேன். அந்தப் பக்கம் அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டேயிருந்த அவள் சத்தம் எப்போது வேறாக மாறியது என்று தெரியவில்லை. மறுநாள் காலை, பெட்ரோல் கிடைக்காத காலத்தில் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸில் ஏறிச் சேலம் ஜங்ஷனுக்குப் போனார்கள். மூட்டைகள் எல்லாம் மேலே கிடந்தன. வெள்ளைத் துணி மட்டும் அவள் மடியில் இருந்தது. நான் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் கூப்பிடவில்லை. பஸ் போய்விட்டது.

அதற்கப்புறம் வீடு வெறிச்சென்று ஆனது. இராட்டைச் சத்தமில்லாத சுவர் அது. செடியைச் சுவர்மேல் வைத்தால் அந்தப் பக்கத்திலிருந்து எலி ஓடுகிற சத்தம்தான் வரும். நூல் வரத்து அடியோடு நின்றபோது எங்கள் தறியும் நின்றது. இவர் கடலைக்காட்டுக் கூலிக்குப் போனார். தறி நின்றால் தாரை ஊறவைக்க வேலையில்லை, தரைக்குத் தண்ணீர் தெளிக்க வேலையில்லை. அந்தக் கோடையில் தெருக்கிணறும் வற்றி, குடிக்கிற தண்ணீருக்கே அரை மைல் நடந்தோம். நான் முகம் கழுவிய தண்ணீரைக்கூடச் செடிக்கு ஊற்றிப் பார்த்தேன். ஆனால் அதற்கு வேண்டியது அந்த அறையின் ஈரம். வைகாசிக்குள் கடைசி இலையும் சருகாகிவிட்டது. தொட்டியைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. கரியும் நாருமாக அது அங்கேயே இருந்தது. பம்பாயில் கடல்காற்று, எப்போதும் ஈரம் என்று ஊருக்கு வந்துபோகிறவர்கள் சொல்வார்கள். அங்கே அது பிழைத்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். அவள் காலையில் எழுந்து ஈரத்துணியால் துடைப்பாள், முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோவாள். யாராவது பம்பாயிலிருந்து வந்தார்கள் என்றால் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போய் நிற்பேன். நல்லா இருக்காங்க என்பார்கள். அதற்குமேல் கேட்க எனக்கு என்ன உரிமை?

யுத்தம் முடிந்த வருஷம், ஐப்பசியில் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு எதிர்வீட்டுக்காரரின் தம்பி பம்பாயிலிருந்து வந்தார். மூத்தார் வேலை செய்த மில்லிலேயே அவருக்கும் வேலை. உச்சிவேளையில் நேராக எங்கள் வாசலுக்கு வந்து, ஒரு துணிமூட்டையை நீட்டினார். "உங்க மூத்தாரு உங்ககிட்டக் குடுக்கச் சொன்னாருங்க" என்றார்.

மூன்று இலை வெளியே தெரிந்தது. கரும்பச்சை, மினுமினுப்பு. நான் கை நீட்டி வாங்கினேன். வாங்கிய கை சில்லென்றது. துணி ஈரமாக இருந்தது. சொட்டச் சொட்ட நனைத்துக் கட்டிய ஈரம்.

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் வீட்டுத் தண்ணீர் என் கையில் இருக்கிறது, தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். அடுத்த நொடியில், எது நடந்தால் அது தீரும் என்று கோயில் வாசலில் சொன்னது ஞாபகம் வந்தது. அக்கா கட்டியிருந்தால் காய்ந்த துணியில்தான் கட்டியிருப்பாள்.

"எப்போ?" என்று கேட்டேன்.

"ஆவணியிலயே போயிட்டாங்க. வெசக் காச்சலுங்க. கடுதாசி போட்டாரே, வரலீங்களா?" என்றார் அவர். எங்களுக்கு எந்தக் கடுதாசியும் வரவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னார். "கெடையில கெடக்கறப்பவே இந்தக் கன்ன உங்களுக்குன்னு எடுத்து வைக்கச் சொல்லியிருக்காங்க. காஞ்ச துணியில கட்டோணும்னு ரெண்டு மூணு வாட்டி சொன்னாங்களாம். நான் பொறப்படறன்னிக்குப் உங்க மூத்தாருதான் ஊட்டுக் குடத்துலருந்து மொண்டு ஊத்தி, நனச்சு நனச்சுக் கட்டுனாருங்க. இனி என்னடான்னாரு. வழியெல்லாம் டேசன் கொழாயில நனச்சுக்கன்னு சொல்லி உட்டாரு."

இவர் காட்டிலிருந்து வந்ததும் மூட்டையைக் கையில் கொடுத்தேன். ஈரத்தைத் தொட்டதுமே அவருக்கும் தெரிந்துவிட்டது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஓடாத தறியின் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார். அண்ணி என்று ஒரு தடவை சொன்னார். அன்று சாயங்காலம் குளத்துக்குப் போய்த் தலைமுழுகிவிட்டு வந்து, தானே ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து தறிக்குழியோரத் தரையெல்லாம் தெளித்தார்.

பழைய தொட்டியில், பழைய கரியிலும் நாரிலும் அந்தக் கன்றை நட்டேன். நனைந்த துணியைப் பிழியாமல் வேரைச் சுற்றி வைத்தேன். பிறகு முக்காலியில் ஏறித் தொட்டியைச் சுவர்மேல் வைத்து, அக்கா என்று கூப்பிட்டேன். உரக்கத்தான் கூப்பிட்டேன், தெருவுக்கே கேட்கும்படி. அந்தப் பக்கம் பூட்டிக் கிடந்தது. கையை எடுக்காமல், இலையை யாராவது துடைக்கிறார்களா என்று கொஞ்ச நேரம் நின்றேன்.